தொட்டுக் கும்பிட்ட ஷாட்

கையைத் தூக்குங்க தம்பி. இன்னும் கொஞ்சம். அப்படியே வெச்சுக்குங்க, பவுடர் கொட்டிக்கிறேன். கூச்சப்படாதீங்க. அக்குள்ல பவுடர் போடாம இந்த அரக்கன் தோலுக்குள்ள போனீங்கன்னா மத்தியானத்துக்குள்ள உங்க தோல் உரிஞ்சுபோயிடும். வெறும் ரப்பரும் மெத்தைப் பஞ்சும்தான், காத்தே போகாது. போன நாலு பாகத்துக்கும் இதே தோல்தான். பச்சை, கறுப்பு, செவப்பு, நீலம்னு பெயிண்டை மாத்தி மாத்தி அடிச்சு, தலையை மட்டும் புதுசா செஞ்சு ஒப்பேத்திட்டாங்க. உங்களுக்குச் சாம்பல் கலர். எடுப்பாத்தான் இருக்கு.

நான் யாருன்னு டைரக்டர் சொல்லலையா? நெனச்சேன். சொல்ல மாட்டாரு. நான்தாங்க சூரசங்காரி படம் நாலு பாகத்துலயும் அரக்கன். கலியமூர்த்தின்னு பேரு. அது மட்டுமில்ல, தையல்நாயகியோட வீட்டுக்காரர். ஆமா, சூரசங்காரியா நடிக்குற தையல்நாயகிதான். பார்த்தீங்களா, உடனே பார்வையை வேற பக்கம் திருப்புறீங்க. இந்த யூனிட்ல எல்லாரும் அப்படித்தான் திருப்புறாங்க. அதனாலதான் காலையிலேர்ந்து இந்த வேனை விட்டு எறங்கல. எறங்க வெட்கமா இருக்கு. சொன்னா என்ன, வெட்கமாத்தான் இருக்கு.

உள்ள காலை விடுங்க. எடது காலு மொதல்ல.

நாங்க கும்பகோணம் பக்கம். நான் நெல் மண்டியில மூட்டை தூக்கினவன். அவ ஒரு கவரிங் நகைக்கடையில வேலை பார்த்தா. ஒரு தீபாவளிக்குக் கடைக்காரர் லோக்கல் கேபிளுக்கு விளம்பரம் எடுத்தாரு. வெளி ஆளைக் கூப்பிட்டா செலவுன்னு கடைப் பொண்ணுங்களையே நிக்கவெச்சு நகையை மாட்டிவிட்டாரு. இவளுக்கு அம்மன் செட்டு. கிரீடம், ஒட்டியாணம், வங்கி, எல்லாம். அதுல அவ ஒண்ணுமே பண்ணல தம்பி, கேமராவை மொறைச்சுக்கிட்டு நின்னா. அந்த மொறைப்பைப் பார்த்துட்டு டைரக்டர் இளவழுதி வீடு தேடி வந்துட்டாரு. 'அம்மா, உங்க கண்ணு ஒண்ணு போதும்மா, கிராபிக்ஸ் பாதி மிச்சம்'னாரு.

நான் மாட்டேன்னுதான் சொன்னேன். பொம்பளையைத் தனியா அனுப்புற குடும்பம் இல்ல எங்களுது. அவ உள்ள போய் அரிசி களைஞ்சா. அவ எப்பவும் அப்படித்தான், எதுக்கும் எதிர்த்துப் பேச மாட்டா. சரி, நானும் கூடவே வருவேன், அப்படின்னா ஒத்துக்கிறேன்னு சொல்லிட்டேன். பெருந்தன்மையாத்தான் நடந்துக்கிட்டேன்னு இன்னைக்கும் நெனக்கிறேன்.

இதே கல்குவாரிதான். அரக்கன் கோட்டைன்னு படத்துல வருதே, அந்தா அந்த மூடிக் கெடக்குற கிரஷர். மொத பாகத்துக்கு அரக்கனா சேலத்துலேர்ந்து ஒரு ஜிம் மாஸ்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. உங்களை மாதிரி நல்ல கட்டு. இந்தத் தோலை மாட்டி வெயில்ல நிக்கவெச்சாங்க, வசனம் சொல்றதுக்குள்ள தொப்புன்னு விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு டைரக்டர் சுத்தியும் முத்தியும் பார்க்குறாரு. வேப்பமரத்தடியில டிபன் கேரியரோட நான் உக்காந்திருக்கேன்.

ஏன் ஒத்துக்கிட்டேன்னு கேளுங்க. கிளைமாக்ஸ்ல அவ அரக்கனைக் கீழ தள்ளி நெஞ்சுல காலை வெச்சு சூலத்தைக் குத்தணும். எவனோ ஒருத்தன் நெஞ்சுல என் பொண்டாட்டி கால் படுறதுக்கு என் நெஞ்சுலயே பட்டுட்டுப் போகட்டும்னு நெனச்சேன். உங்களைச் சொல்லலீங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.

நீங்க படம் பார்த்திருக்கீங்களா? அந்த ஷாட்டைப் பார்க்காதவங்க இருக்க முடியாது. அரக்கன் தலை ஒடையும், கொம்பு தெறிக்கும், ரத்தம் பீச்சும். தலை ஒண்ணே ஒண்ணுதான் செஞ்சிருந்தாங்க. ஒடைச்சா ஒடைச்சதுதான், ரெண்டாவது டேக் கெடையாது. அதனால எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இவ ஓடி வந்தா, மிதிச்சா, குத்தினா, தலை ஒடைஞ்சுது, எல்லாம் சரியாப் போச்சு. அதுக்கப்புறம் கேமரா ஓடுதுங்கிறதை மறந்துட்டு, சட்டுனு குனிஞ்சு என் நெஞ்சைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

பஸ்ஸுல பக்கத்துல இருக்குறவங்க மேல கால் பட்டா பண்ணுவோமே, அதேதான். பழக்க தோஷம். கால் பட்டுடுச்சு, கை போயிடுச்சு. அரக்கனைக் கொன்னுட்டு அரக்கனையே தொட்டுக் கும்பிடுறா சூரசங்காரி!

டைரக்டர் தொப்பியைக் கழட்டித் தரையில அடிச்சாரு. கேமராமேன் தலையில கையை வெச்சுக்கிட்டாரு. வேற வழியில்ல, அப்படியே விட்டாங்க. எடிட்டிங்ல அதை மெதுவா ஓடவிட்டு, பின்னாடி ஒரு வீணையும் கோயில் மணியும் போட்டாங்க. படம் எந்தத் தியேட்டருக்கும் போகல. போன்ல வந்துச்சு, பஸ் டிவியில ஓடுச்சு, மாரியம்மன் கோயில் திருவிழாவுல தெரை கட்டிப் போட்டாங்க. அந்த எடம் வந்தா பொம்பளைங்க அழுறாங்க தம்பி. வாய்விட்டு அழுறாங்க. சாமி, தான் கொன்ன அரக்கனையும் மன்னிச்சுட்டாங்கறாங்க. ஸ்கூல் ஆண்டு விழாவுல பொட்டைப் புள்ளைங்க பையனைத் தள்ளி மிதிச்சுட்டுத் தொட்டுக் கும்பிடுதுங்க. டைரக்டர் பேட்டியில 'இது அறமும் கருணையும் சேர்ற புள்ளி, இதை நான் ரொம்ப வருஷமா யோசிச்சு வெச்சிருந்தேன்'னு சொன்னாரு. நான் டிவிக்கு முன்னாடி உக்காந்து சிரிச்சேன்.

எனக்குத்தான தெரியும், அது கருணையும் இல்ல ஒண்ணும் இல்ல. புருஷன் நெஞ்சுல கால் வெச்சுட்டோமேங்கிற பதைப்பு. அந்த மரியாதை எனக்கு உரியது. ஊரே அதைப் பார்த்து அழுதாலும் அதுக்குச் சொந்தக்காரன் நான்தான்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. அந்தப் பெருமையிலதான் ரெண்டாவது பாகத்துல வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். அரக்கன் பேரையும் போடுங்க சார்னு நானே கேட்டேன். போட்டாங்க. அரக்கன், கலியமூர்த்தி. கொட்டை எழுத்துல.

முதுகைக் காட்டுங்க. கொக்கி மாட்டணும், மூச்சை உள்ள இழுங்க. ம்.

அதுவரைக்கும் உள்ள இருக்குறவன் யாருன்னு எவனுக்கும் தெரியாது. பேரு வந்த பொறவு எங்க பெரியப்பா பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில உக்காந்திருக்கேன், எலையில பாயசம் ஊத்திக்கிட்டே என் மச்சான் குணசீலன் சத்தமாச் சொல்றான், 'நம்ம மாப்பிள்ளை இனிமே கலியமூர்த்தி இல்லப்பா, மிதியடி மூர்த்தி'ன்னு. பந்தியே சிரிச்சுது. பாயசம் எறங்குமா? எங்க சித்தப்பா வேற, பொண்டாட்டி மிதிச்சா நெஞ்சு வலிக்குமா, மனசு வலிக்குமான்னு கேக்குறாரு. சின்னப் புள்ளைங்க வந்து என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துட்டு ஓடுதுங்க. பாதி எலையில எந்திரிச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்து நான் யார்கிட்டயும் பேசல. சாப்பிடல. தையலு ரெண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தா. அப்புறம் திடீர்னு என் கால்ல விழுந்தா. 'என்னால உங்களுக்கு இந்தப் பேச்சு, பாவம் எனக்கு வேண்டாம்'னா. நான் விழச் சொல்லலீங்க. சத்தியமாச் சொல்லல. விழ வேண்டாம்னும் சொல்லல, அவ்வளவுதான். விழுந்து எந்திரிச்ச பொறவு எனக்கு நெஞ்சுல இருந்த பாரம் எறங்கிடுச்சு. நல்லாச் சாப்பிட்டேன்.

மூணாவது பாகம் எடுக்கையில, மிதிச்சுட்டு வந்து கால்ல விழ அவ மறந்துட்டா. ரூமுக்கு வந்ததும் நான்தான் ஞாபகப்படுத்தினேன். அதட்டல்லாம் இல்ல. 'இன்னைக்கு மிதிச்சியே'ன்னு மட்டும்தான் கேட்டேன். புரிஞ்சுக்கிட்டா. புத்திசாலி. அப்ப தலை ஒடையறதைத் தனியா எடுக்க ஆரம்பிச்சிருந்தாங்க, அதனால ஒருநாள் மிதிக்கிறது ரெண்டு டேக் போச்சு. ரெண்டு தடவை மிதிச்சா ரெண்டு தடவைதானே விழணும்? ஒண்ணு விழுந்துட்டுப் போனா இன்னொண்ணு எங்க போகும்? நியாயமாத்தான் கேட்டேன், அவளும் சரின்னா. அன்னையிலேர்ந்து எத்தனை டேக்கோ அத்தனை. தோலுக்குள்ள படுத்துக்கிட்டு நானே எண்ணிக்குவேன். அவளும் எண்ணியிருப்பா போல, ரூமுக்கு வந்தா ஒருநாளும் கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

ஏன் தம்பி நெளியிறீங்க? இறுக்குதா? இறுக்கத்தான் செய்யும்.

நாலாவது பாகத்துலதான் வெனை. மிதிக்கும்போது சூரியன் அவ தலைக்குப் பின்னாடி வட்டமா நிக்கணும்னாரு டைரக்டர். லைட்டு கெடையாது, சூரியன்தான் லைட்டு. மேகம் வருது, போகுது, மறுபடியும் மிதி. அவளைக் கயித்துல கட்டித் தூக்கி எறக்குறாங்க, கயிறு சுத்திக்குது, மறுபடியும் மிதி. பதினொண்ணு போச்சு அன்னைக்கு. ஒவ்வொரு தடவையும் தொட்டுக் கும்பிடுறதும் உண்டு, அதுதான் இப்ப படத்துக்கே முக்கியமாச்சே. சாயங்காலம் பேக்கப் ஆகி லாட்ஜுக்குப் போனோம். தோலோட மேல் பாதியை மட்டும் கழட்டிட்டு, அரக்கன் காலோடயே கட்டில்ல உக்காந்தேன். குனிஞ்சு கழட்ட முடியல, அசதி. அவளும் கிரீடம் ஒண்ணைத்தான் எடுத்து வெச்சா. விழ ஆரம்பிச்சா.

பாதியில அவ முட்டி மடங்கல. கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்குறா, மறுபடியும் விழுறா. நான் போதும்னு சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நெனச்சேன். இன்னும் ரெண்டுதான இருக்கு, முடிச்சுடட்டும்னு இருந்துட்டேன். எனக்கும் காலு மரத்துப்போச்சு, லேசா நகர்த்தினேன். அவ நெத்தி கீழ வர்ற நேரம். இந்த நகம் இருக்கு பாருங்க, ஃபைபர் நகம், இது அவ புருவத்துல பட்டுடுச்சு. கிழிஞ்சு ரத்தம் வந்துருச்சு.

அந்த நேரம் பார்த்து மேக்கப் ரோஸ்மேரி, எண்ணெயும் பஞ்சும் எடுத்துக்கிட்டு, தையலுக்குச் சாயம் கழுவ வந்து நிக்குறா. கதவு சாத்தியிருந்துச்சு, தாப்பாள் போடல. வந்தவ ரத்தத்தைப் பார்க்கலீங்க. என் கையைப் பார்த்தா. எதுக்கு இவ கையைப் பார்க்குறான்னு எனக்கு வெளங்கல.

தையலு என்ன பண்ணா தெரியுமா? கண்ணுல ரத்தம் எறங்குது, அப்பவும் என் காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. என் கால்ல அவ நெத்தி இடிச்சுடுச்சாம். அதுக்கு. அப்புறம் எந்திரிச்சு ரோஸ்மேரி பின்னாடியே போனவதான், இன்னும் ரூமுக்குத் திரும்பல.

மறுநாள் யூனிட்ல ஒரு பய என்கிட்ட மொகம் கொடுத்துப் பேசல. அண்ணே அண்ணேன்னு சுத்தினவங்க எல்லாம் டீ கொண்டாந்து கல்லு மேல வெச்சுட்டுப் போறாங்க. காதுல விழுந்துச்சு. 'கால் பட்டுச்சாம், அந்தாளு கை அசையலையாம்.' இதான் பேச்சு. ரோஸ்மேரி பரப்பிட்டா. என்ன பெரிய விஷயம் சொல்லுங்க? புருஷன் கால் பொண்டாட்டி மேல பட்டா யாராவது தொட்டுக் கும்பிடுவாங்களா? உங்க ஊர்ல உண்டா? எங்க அப்பா பண்ணி நான் பார்த்ததில்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ராத்திரி பொரண்டு படுக்கையில எத்தனை தடவை பட்டிருக்கும், அதுக்கெல்லாம் ஒருத்தன் எந்திரிச்சுக் கும்பிட்டுக்கிட்டா இருப்பான்? நீங்களே சொல்லுங்க.

சரி, இந்தப் பக்கம் திரும்புங்க.

அஞ்சாவது பாகத்துக்கு வேற அரக்கனைப் பாருங்கன்னு அவதான் டைரக்டர்கிட்ட சொல்லியிருக்கா. மொதல்ல எனக்குக் கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். இனிமே புருஷனை மிதிக்கக் கூடாதுன்னு அவளுக்கே தோணியிருக்கு. அதனாலதான் விலகிக்கிட்டா. எவ்வளவு மரியாதை பாருங்க. அப்படித்தான் இருக்கணும். வேற என்ன காரணம் இருக்க முடியும்?

காலையில ஒத்திகையில உங்களை மிதிச்சாளா? மெதுவாத்தான் வெச்சிருப்பா. வலிச்சுதான்னு கேட்டாளா? கேட்டாளா! என்னை ஒருநாள் கேட்டதில்லீங்க. நாலு பாகம். ஒருநாள்...

கேட்டிருப்பாளோ? தலையை மாட்டிட்டா உள்ள ஒண்ணும் கேக்காது தம்பி, அதை உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன். ஒவ்வொரு டேக்குக்கும் அவ குனிஞ்சு வாயசைப்பா. வசனத்தைச் சொல்லிப் பார்க்குறான்னுதான் நான் நெனச்சுக்குவேன். நான் உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டு இருப்பேன்.

ரெண்டு மாசமாச்சு. போன் பண்ணா ரோஸ்மேரிதான் எடுக்குறா. டைரக்டரே கூப்பிட்டு, கலியமூர்த்தி, இந்தத் தோலை மாட்டுற வித்தை இங்க ஒருத்தனுக்கும் தெரியல, ஒருநாள் வந்துட்டுப் போங்கன்னாரு. உடனே பஸ் ஏறிட்டேன். தோலுக்காக வரல. இன்னைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடணும். வீடு வீடா இல்ல. வெளக்கு ஏத்த ஆளில்ல. கடைச் சாப்பாடு தொண்டையில எறங்கல. அவளில்லாம எனக்கு இருக்கத் தெரியல தம்பி, அதுதான் உண்மை. ஆனா நேர்ல போய் நிக்க முடியல. இத்தனை பேர் கண்ணு முன்னாடி நான் போய் அவளைக் கூப்பிட்டு, அவ வரலைன்னு சொல்லிட்டா? அதுக்கப்புறம் இந்த மொகத்தை எங்க வெச்சுக்குவேன்?

நீங்க ஷாட்டுக்குப் போறீங்க, எப்படியும் அவகூடத்தான் நிப்பீங்க. தலையை மாட்டுறதுக்கு முன்னாடி அவ காதுல ஒரு வார்த்தை போடுங்க. வீட்டுக்காரர் வந்திருக்காரு, வேன்ல இருக்காரு, உங்களை மன்னிச்சுட்டாராம்னு சொல்லுங்க. மிதிச்சதுக்கு, போனதுக்கு, போன் எடுக்காததுக்கு, எல்லாத்துக்கும் மன்னிச்சுட்டாராம். இனிமே கால்ல விழ வேண்டாம்னும் சொல்லிட்டாராம். அதையும் சேர்த்துச் சொல்லுங்க, சந்தோஷப்படுவா.

ஷாட் ரெடின்னு கத்துறாங்க. தலையைக் கையிலயே எடுத்துக்கிட்டுப் போங்க, அங்க போய் மாட்டினாப் போதும். எந்திரிங்க. மெதுவா. கால்ல நகம் இருக்கு, படியைப் பார்த்து... ஆ!

இல்ல, ஒண்ணுமில்ல. உங்க நகம் என் பாதத்துல லேசாப் பட்டுச்சு. ரத்தம்லாம் இல்ல. தம்பி, என்ன பண்றீங்க? குனியாதீங்க, முதுகுல கொக்கி பிச்சுக்கும். அட, அதான் ஒண்ணுமில்லங்குறேனே. விடுங்க. போதும், விடுங்க.

யோசிச்சா பண்ணீங்க இப்ப?

இல்லல்ல? தானாத்தான் போச்சு. இந்த ரப்பர் கையில வெரல்கூட மடங்காது. அந்தக் கையோட குனிஞ்சு என் காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்துறீங்க. நான் உங்களுக்கு யாரு? காலையில பார்த்த ஆளு.

அன்னைக்கு நான் ரப்பர் கையெல்லாம் கழட்டி வெச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன். வெறுங்கைதான். தொடை மேல இருந்துச்சு. அவ புருவத்துலேர்ந்து ரத்தம் சொட்டுது, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், கை அங்கயேதான் இருந்துச்சு. பத்தாவது முடிஞ்சுது, இன்னும் ஒண்ணு இருக்குன்னு மனசு எண்ணுது தம்பி. ரத்தம் சொட்டும்போது எண்ணினேன். அதைத்தான் ரோஸ்மேரி பார்த்திருக்கா.

கூப்பிடுறாங்க, போங்க. போங்க தம்பி, என்னைப் பார்க்காதீங்க, வெயில்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க. ஒரு நிமிஷம், இருங்க. நான் சொல்லச் சொன்னேனே, மன்னிச்சுட்டாராம்னு, அதைச் சொல்லிடாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்குறேன், சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா அவ ஒண்ணும் பேச மாட்டா. அதுக்கும் சரின்னு தலையாட்டிட்டு, பையை எடுத்துக்கிட்டு என்கூடக் கெளம்பி வந்துடுவா.